அது எண்ணெய் அல்ல

அந்த நோட்டை நான் கிழித்துப் போடவில்லை. சட்டைப் பையில் அடங்கும் சிறிய நோட்டு. அதில் ஒரு பக்கம் இப்படி இருக்கிறது:

"காலை 7.36. ஆலங்குடிக்கு மேற்கே, முந்திரித் தோப்பு வளைவு. லாரி, இடப்பக்கமாகச் சாய்ந்து பள்ளத்தில். பின் டயர் வெடிப்பு. நீல பேரல்கள், நாற்பது இருக்கும். பாதி உருண்டு கிடக்கின்றன. ஆறேழு உடைந்துவிட்டன. முந்திரிக்கொட்டை எண்ணெய். டிரைவர் ஒருவர் மட்டும், காயமில்லை. எதிரே தோட்டத்தில் பம்ப்செட், தண்ணீர் விழுகிறது."

இதில் ஒரு வரியைத் தவிர மற்ற எல்லாம் சரி.

செய்தித்தாளில் மாவட்டச் செய்தியாளனாக இருந்து ஓய்வு பெற்ற பிறகும் எனக்கு இந்தப் பழக்கம் போகவில்லை. சாலையில் எதையாவது கண்டால் வண்டியை ஓரங்கட்டி நேரம், இடம், எண்ணிக்கை மூன்றையும் எழுதிக்கொள்வேன். அன்று புதுக்கோட்டையில் எனக்கு ஒரு சொந்த வேலை இருந்தது. எட்டு மணிக்குள் போனால் வெயிலுக்கு முன் திரும்பிவிடலாம் என்று கிளம்பியிருந்தேன். வளைவைத் திரும்பியதும் லாரி கிடந்தது. சக்கரம் ஒன்று இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது.

டிரைவர் நாமக்கல் பக்கத்துக்காரர். முப்பத்தைந்து வயது சொல்லலாம். கிளீனர் இல்லாமல் தனியாக ஓட்டி வந்திருந்தார். மேலே வந்துவிட்ட வலப்பக்கக் கதவைத் திறந்துகொண்டு, கிணற்றிலிருந்து ஏறுகிறவர் மாதிரி வெளியே வந்தார். லாரி சாய்ந்ததில் அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. கீழே குதித்து, தன் கை கால்களைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"வண்டி போனாப் போகுதுங்க. கண்ணு கையி நல்லா இருக்குது. ஓட்டிப் பொழைச்சுக்கலாம்."

இதை இப்போது எழுதும்போது ஏதோ நானே இட்டுக்கட்டியது போல இருக்கிறது. ஆனால் அவர் சொன்னது இதுதான். போன மாதம்தான் லைசென்ஸ் புதுப்பித்ததாகவும், கண் டாக்டர் "ஒனக்குக் கழுகுக் கண்ணுய்யா" என்று சொல்லி எழுதிக் கொடுத்ததாகவும் சொன்னார். விபத்தில் தப்பியவர்கள் முதல் ஐந்து நிமிடம் இப்படித்தான் நிறையப் பேசுவார்கள். பல முறை பார்த்திருக்கிறேன்.

"என்ன லோடு?" என்று கேட்டேன்.

"தெரியாதுங்க. வழக்கமா நம்ம ஏத்துறது சிமெண்டு. இது போற வழியில கெடைச்ச லோடு. அவங்களே ஏத்தி, கயிறு போட்டு விட்டாங்க. பேப்பர் வண்டிக்குள்ள இருக்குது."

நான் வண்டிக்குள் ஏறிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை என்று நினைத்தேன். ஏனென்றால் சாலையில் ஓடிக்கொண்டிருந்தது என்னவென்று அங்கே நின்ற ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்தது.

அது சித்திரை மாதம், முந்திரிப் பருவம். அந்த வட்டாரத்தில் பாதிப் பேருக்கு முந்திரியில்தான் வேலை. கொட்டையின் ஓட்டுக்குள் இரண்டு தோலுக்கு நடுவே ஒரு எண்ணெய் இருக்கிறது. கரும்பழுப்பு, பாகு மாதிரி கெட்டி, தோலில் பட்டால் வெந்துவிடும். கொட்டை உடைக்கும் பெண்களின் விரல் நுனிகளைப் பார்த்தால் தெரியும், ரேகை இருக்காது. ஓட்டை ஆட்டி அந்த எண்ணெயை எடுக்கும் மில் ஒன்று அங்கிருந்து நாலு கிலோமீட்டரில் இருக்கிறது. வாரத்துக்கு இரண்டு லாரி, இதே சாலையில், இதே போன்ற நீல பேரல்களில் போகும். சாலையில் ஓடியதும் கரும்பழுப்பு, பாகு மாதிரி கெட்டி. வாடையைக் கொண்டு கண்டுபிடித்திருக்கலாம் என்று பிறகு ஒருவர் என்னிடம் சொன்னார். கொட்டை வறுக்கும் கொட்டகைகளின் புகை காலையிலிருந்தே காற்றில் நிற்கும் ஊரில் மூக்கு எதற்கும் உதவாது.

இரண்டே நிமிடத்தில் பத்துப் பதினைந்து பேர் சேர்ந்துவிட்டார்கள். சிலர் பக்கத்திலேயே இருந்த வீட்டுக்குத் திரும்பி ஓடி கேனும் பக்கெட்டுமாக வந்தார்கள். கொட்டை எண்ணெயை மரத்தில் பூசினால் கரையான் அண்டாது. வேலிக் கம்புக்கும் மாட்டுக்கொட்டகைத் தூணுக்கும் வாசற்காலுக்கும் பூசுவார்கள். கடையில் காசு கொடுத்து வாங்குவது ரோட்டில் ஓடினால் யார் சும்மா இருப்பார்கள்? ஒருவர் தேங்காய்த் தொட்டியால் அள்ளி பெயிண்ட் வாளியில் ஊற்றிக்கொண்டிருந்தார். மொபெட்டில் வந்த இன்னொருவர் அவரைப் பார்த்துச் சத்தம் போட்டார்.

"மாப்ளே, வாசக்காலுக்கா, இல்ல ஒனக்கே பூசிக்கிறதுக்கா?"

"ஒங்க தங்கச்சி வாய்க்கு, மச்சான். ராத்திரி பூரா அரிக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அப்போது கொட்டை உடைக்கும் பெண்கள் ஏழெட்டுப் பேர் வேலைக்கு நடந்து வந்துகொண்டிருந்தார்கள். ஆளுக்கு ஒரு ஒயர் கூடை. கூடைக்குள் தூக்குச்சட்டி, ஒரு சின்ன பாட்டிலில் தேங்காயெண்ணெய், ஒரு பவுடர் டப்பாவில் சலித்த சாம்பல். கொட்டையில் கை வைக்கும் முன் எண்ணெயைத் தடவி, சாம்பலில் கையைப் புரட்டிக்கொள்வார்கள். அவர்களுக்கெல்லாம் மூத்தவராக முன்னால் வந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய பெண், கொட்டகையின் மேஸ்திரி. என்னை அவருக்குத் தெரியும். கூலி உயர்வுக்காக அவர்கள் சாலையில் உட்கார்ந்தபோது நான் செய்தி எழுதியிருக்கிறேன்.

"என்னண்ணே, காலங்காத்தால நியூசு உங்களத் தேடி வந்துருச்சா?" என்றார்.

டிரைவர் இதற்குள் பேரல்களின் பக்கம் போயிருந்தார். ஒன்று சரிவில் மெல்ல உருண்டுகொண்டிருந்தது. சரக்கு போனால் தன்னைத்தான் கேட்பார்கள் என்ற பயம் அவருக்கு. குனிந்து இரண்டு கையாலும் அதை நிறுத்தப் பார்த்தார். மூடி அவர் பக்கம் இருந்தது. அது கழன்ற சத்தம் பெரிதாகக் கேட்கவில்லை. பாட்டில் திறப்பது போல ஒரு சத்தம். இடது கன்னம், இடது கண், கழுத்து, இடது தோளிலிருந்து முழங்கை வரை. சட்டை ஒரு நொடியில் பழுப்பாகிவிட்டது.

நேரம் 7.41. அதையும் எழுதியிருக்கிறேன்.

முதலில் அவர் கத்தவில்லை. "ஐயையோ, சட்டை" என்றார். கண்ணைத் துடைக்கக் கையைக் கொண்டுபோனார். அதற்குள் மேஸ்திரி கூடையைக் கீழே போட்டுவிட்டு அவரிடம் ஓடியிருந்தார்.

"தேய்க்காதய்யா! கைய எடு! ஏய், அந்தச் சட்டையக் கழட்டுங்கடி!"

அந்தப் பெண்களின் வேகத்தை நான் சொல்ல வேண்டும். யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுக்கவில்லை. ஒருத்தி சட்டையைக் கிழித்து எடுத்தாள். இரண்டு பேர் அவரை மண்ணில் உட்கார வைத்தார்கள். தேங்காயெண்ணெய் பாட்டில்கள் திறந்தன. கன்னத்திலும் தோளிலும் எண்ணெயை ஊற்றி வழித்தார்கள், சாம்பலைத் தூவித் துணியால் ஒற்றினார்கள், மறுபடி எண்ணெய், மறுபடி சாம்பல். மேஸ்திரி அவர் தலையை மடியில் சாய்த்து, இமையைப் பிரித்து, கண்ணுக்குள் தேங்காயெண்ணெய் விட்டார். வருடக்கணக்கில் கையைக் காப்பாற்றிக்கொண்டு வந்த வழி அது. அவர்களுடைய கொட்டகையில் யாருக்காவது முகத்தில் தெறித்தால் இப்படித்தான் செய்வார்கள், பெரும்பாலும் தப்பித்தும் விடுவார்கள்.

"தண்ணி ஊத்துங்கக்கா. எரியுது" என்றார் டிரைவர்.

"தண்ணி ஆகாது தம்பி. தண்ணி பட்டா நல்ல எடத்துக்கும் பரவும். பொறுத்துக்க."

"தண்ணிங்க. கொஞ்சம் தண்ணி."

"சொல்றேன்ல. நாங்க தெனம் இதுலதான் கெடக்குறோம்."

அவர் எழுந்து ஓடப் பார்த்தார். எங்கே ஓடப் பார்த்தார் என்று எல்லோருக்கும் தெரியும். சாலைக்கு எதிரே, நாற்பது தப்படி தூரத்தில், தோட்டத்து மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. கை தடிமன் குழாயிலிருந்து தொட்டியில் தண்ணீர் கொட்டும் சத்தம் நாங்கள் பேசிய எல்லாப் பேச்சுக்கும் பின்னால் கேட்டுக்கொண்டே இருந்தது. நாலு பேர் சேர்ந்து அவரை உட்கார வைத்தோம். அவருடைய வலது மணிக்கட்டைப் பிடித்திருந்தது நான்.

மற்றக் கையால் 108-க்குப் போன் செய்தேன். எடுத்த பெண் நிதானமாகக் கேட்டாள். எந்த இடம், எத்தனை பேர், மூச்சு விடுகிறாரா, ரத்தம் போகிறதா. பிறகு கேட்டாள்:

"மேல பட்டது என்ன சார்? கெமிக்கலா?"

"இல்லம்மா. முந்திரிக்கொட்டை எண்ணெய்" என்றேன்.

"எண்ணெய். சரி சார். சூடா இருந்துச்சா?"

"இல்லை."

"சரி சார், வண்டி அனுப்புறேன்."

ஆலங்குடி ஆம்புலன்ஸ் ஒரு பிரசவக் கேஸை ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டை போயிருந்தது. வேறு வண்டி கறம்பக்குடியிலிருந்து வர வேண்டும். அதையும் அந்தப் பெண்ணே சொன்னாள். பிறகு தீயணைப்பு நிலையத்துக்குப் பேசினேன். அங்கும் அதே கேள்வி, அதே பதில். எனக்குக் கொஞ்சம்கூடத் தயக்கம் இல்லை. உறுதியாகத் தெரிந்ததைச் சொல்லும் குரலில் சொன்னேன். இத்தனை வருடம் செய்தி சொல்லிப் பழகிய குரல்.

டிரைவர் இதற்குள் முனகத் தொடங்கியிருந்தார். கன்னத்தில் சாம்பல் ஈரமாகி, கொழகொழவென்று வெளுத்து வழிந்தது. "பாரு, எண்ணெயக் கக்குது. சாம்பல் எடுத்துடும்" என்றாள் ஒரு பெண். மேஸ்திரியின் பாட்டில் காலி. அடுத்தவள் பாட்டிலை வாங்கினார். அவர் கை இரண்டும் முழங்கை வரை எண்ணெய், சாம்பல், பழுப்பு. வழுக்கி வழுக்கிப் பாட்டில் நழுவியது.

"இருங்க, கையக் கழுவிட்டு வாரேன். பிடிமானமே இல்ல" என்று எழுந்து, சாலையைக் கடந்து, தொட்டிக்குப் போனார்.

நான் அவர் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தேன். குழாயடியில் குனிந்தார். கையை நீட்டினார். அப்படியே நின்றுவிட்டார். இரண்டு கையையும் முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்துக்கொண்டு, அசையாமல். அந்த இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. கை இரண்டும் வெள்ளையாக இருந்தன. முழங்கை வரை நுரை. தொட்டியிலும் நுரை பொங்கி விளிம்பு வரை வந்துகொண்டிருந்தது, யாரோ ஒரு பாக்கெட் சோப்புத் தூளைக் கொட்டியது போல.

அவர் திரும்பி ஓடி வந்ததை நான் மறக்கவில்லை. கைகளை முன்னால் நீட்டிக்கொண்டே ஓடி வந்தார். நுரை சாலையில் விழுந்தது.

"அண்ணே, இது எண்ணெ இல்லண்ணே! எண்ணெ எங்கயாச்சும் நொரைக்குமா? இது வேற என்னமோ! தூக்குங்க அவர! தண்ணிக்கு, தண்ணிக்கு!"

தூக்கினோம். ஆறேழு பேர் ஒரே நேரத்தில் தூக்கியதில் அவர் ஒருமுறை கீழே விழவும் செய்தார். தொட்டிக்குள் இறக்காமல் குழாய்க்கு அடியில் பிடித்தோம். கண்ணைத் திறந்து வைத்தது மேஸ்திரிதான். நுரை, நுரை, நுரை. அது குறையவே இல்லை. நுரைக்குள்ளிருந்து அவர் கன்னம் தெரிந்தபோது நான் வேறு பக்கம் பார்த்தேன். கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். 8.03.

தீயணைப்பு வண்டி இரண்டு நிமிடத்தில் வந்தது. நிலைய அலுவலர் இளைஞர். இறங்கியதும் நுரையைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"போன் பண்ணினது யாருங்க?"

"நான்தான்."

"கொட்டை எண்ணெய்னு சொன்னீங்க."

அவர் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "தண்ணிய நிறுத்தாம ஊத்துங்க, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் ஊத்துங்க" என்று சொல்லிவிட்டு, கையுறை மாட்டிக்கொண்டு நேரே லாரிக்குப் போய் கேபினுக்குள் ஏறினார். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது. பிளாஸ்டிக் உறையில் மடித்த தாளோடு இறங்கினார். அதில் 'ஆசிட் ஸ்லரி' என்று அச்சிட்டிருந்தது. சோப்புத் தூளும் பாத்திரம் விளக்கும் திரவமும் செய்கிறவர்கள் வாங்கும் மூலப்பொருள், கெட்டியான அமிலம். போகிற போக்கில் பூட்ஸ் காலால் ஒரு பேரலைப் புரட்டினார். மண்ணில் பதிந்திருந்த பக்கத்தில் ஒரு சாய்சதுர லேபிள் இருந்தது. அதில் ஒரு படம். ஒரு கை, அதன்மேல் சொட்டும் துளி, துளி பட்ட இடத்தில் கை கரைந்து பள்ளமாகியிருக்கிறது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் புரியட்டும் என்று போட்ட படம். நாற்பது பேரலிலும் அது இருந்தது. சிலவற்றில் மேல்பக்கமே இருந்தது. நாற்பது என்று எண்ணியவன் நான்தான்.

ஆம்புலன்ஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போனபோது 8.20. மேஸ்திரி கூடவே ஏறப் பார்த்தார். வண்டியில் வந்தவர் அவர் கைகளைப் பார்த்துவிட்டு, "நீங்களும் ஏறுங்கம்மா" என்றார். அப்போதுதான் நாங்கள் கவனித்தோம். அவருடைய உள்ளங்கைத் தோல் நனைந்த காகிதம் போல மடிந்திருந்தது.

மீதி நாள் முழுக்க அந்த வளைவிலேயே இருந்தேன். புதுக்கோட்டை வேலையை மறந்துவிட்டேன். போய்விடலாம் என்று ஒரு முறைகூடத் தோன்றவில்லை. என்ன செய்கிறார்கள் என்று பார்க்க வேண்டியிருந்தது.

வண்டியில் தண்ணீர் இருந்தும் அலுவலர் சாலையில் ஒரு சொட்டு அடிக்கவிடவில்லை. "அடிச்சா ரோட்டோர வாரியில எறங்கும். வாரி எங்க போகுது?" என்று கேட்டார். கீழே குளத்துக்கு என்றார்கள். மாடு தண்ணீர் குடிக்கும் குளம், ஊர் குளிக்கும் குளம். தொட்டியில் வழிந்த நுரை ஏற்கெனவே வாய்க்காலில் இறங்கிப் போய்க்கொண்டிருந்தது. நூறு நாள் வேலைக்காரர்கள் பக்கத்திலேயே வரப்பு வெட்டிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கூப்பிட்டு, மண் மூட்டை அடுக்கி, வாரியை இரண்டு இடத்தில் அடைத்தார்கள். கையுறை இல்லாத ஒருவரையும் கிட்ட விடவில்லை. எல்லாம் தூரத்தில் நின்று கொட்டிய மண்தான். சாலையைச் சுற்றி மணலால் கரை கட்டினார்கள். ஆலங்குடியிலிருந்து ஒரு டிராக்டர் சுண்ணாம்பு வந்தது, வெள்ளையடிக்கிற சுண்ணாம்புதான். அதைத் தூவிய இடமெல்லாம் சீறிக்கொண்டு ஆவி வந்தது. நிழல் இல்லாத மே மாத வெயிலில், ரப்பர் உடுப்புக்குள், ஐந்து பேர் மாலை வரை அதைக் கிளறினார்கள். ஒருவர் வாந்தி எடுத்துவிட்டு, வாயைக் கொப்பளித்துக்கொண்டு திரும்பப் போனார். மாசுக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் வந்து மண்ணையும் நீரையும் புட்டிகளில் எடுத்தார்கள். பொக்லைன் வந்து பள்ளத்து மண்ணை ஒரு முழம் ஆழத்துக்குச் சுரண்டித் தார்ப்பாய் விரித்த லாரியில் ஏற்றியது. தொட்டியை உடைத்து எடுத்தார்கள். ஓரத்து முந்திரி மரம் இரண்டில் வேர் தெரிந்தது. அவற்றின் இலைகள் மூன்றாம் நாள் உதிர்ந்தன. ஆனால் நுரை குளத்துக்குப் போகவில்லை. கடைசி மூட்டைக்கு இருபதடி முன்னால் நின்றுவிட்டது.

மண்ணை அள்ளிவிடலாம். வீடுகளுக்குள் போனதை எப்படி எடுப்பது?

பதினைந்து வீடாவது இருக்கும் என்றேன். அலுவலர் என்னைப் பார்த்தார். "உங்களுக்கு எழுத வரும்ல? மைக்குல சொல்ற மாதிரி எழுதிக் குடுங்க. ஆட்டோ கூப்பிட்டிருக்கேன்."

அதே நோட்டில், அடுத்த பக்கத்தில் எழுதினேன். "காலையில் சாலையிலிருந்து எடுத்துச் சென்றது எண்ணெய் அல்ல. அது அமிலம். தொட வேண்டாம். தண்ணீர் ஊற்றிக் கொட்ட வேண்டாம். கேனை மூடி வாசலில் வையுங்கள், வந்து எடுத்துக்கொள்வார்கள். கையிலோ காலிலோ பட்டிருந்தால் உடனே நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு ஆஸ்பத்திரிக்கு வாருங்கள்." எழுதி முடித்து, "நிறையத் தண்ணீர்" என்பதன் கீழே இரண்டு கோடு போட்டேன். பத்திரிகையில் தப்பு வந்தால் மறுநாள் மூலையில் சின்ன எழுத்தில் திருத்தம் போடுவோம். இதை ஆட்டோவில் வைத்து மதியம் வரை தெருத்தெருவாகக் கத்தினார்கள். கேட்டுக்கொண்டே நின்றேன்.

பதினெட்டு கேனும் வாளியும் வாசலுக்கு வந்தன. காலையில் கேலி பேசிய அந்த மாப்பிள்ளை தன் வாளியைத் தானே கொண்டுவரவில்லை. மொபெட்காரர் மச்சான்தான் வந்து சொன்னார். மாட்டுக்கொட்டகைத் தூண் இரண்டுக்குப் பூசி முடித்துவிட்டு, வழக்கம் போலச் சாம்பல் போட்டுக் கையைத் துடைத்திருக்கிறார். விரல்கள் பொத்துவிட்டன. "ஆட்டோல சொன்னதக் கேட்டுத்தாங்க கையக் குழாயில வச்சாரு. கட்டு போட்டுருக்காங்க. பொழைச்சுக்குவாருல்ல?" என்று என்னைக் கேட்டார். என்னை ஏன் கேட்டார் என்று தெரியவில்லை. தெரிந்தவன் மாதிரி நின்றிருப்பேன்.

டிரைவரைப் புதுக்கோட்டையிலிருந்து மதுரைக்குக் கண் சிகிச்சைக்கு அனுப்பியிருந்தார்கள். மேஸ்திரி நாலு நாளில் கட்டுப்போட்ட கைகளோடு வீடு திரும்பினார். தெருவில் என்னைக் காணும்போதெல்லாம் ஒரே கேள்வி.

"கண்ணு என்னாச்சாம்ணே?"

"பாத்துக்கிட்டு இருக்காங்களாம்."

"தெரியுதாமா, இல்லையாமா?"

மூன்றாம் முறை கேட்டபோது, "நாம நேர்ல போவோம்" என்றேன். அடுத்த ஞாயிறு பஸ் பிடித்து மதுரைக்குப் போனோம். திருப்பத்தூர் தாண்டியதும் மேஸ்திரி, "தண்ணி தண்ணின்னு கேட்டாருல்ல" என்றார். நான் ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிரைவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இடது கண்ணில் கட்டு, கன்னத்திலும் கழுத்திலும் களிம்பு. மனைவி ஊருக்குப் போய்ப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வரக் கிளம்பியிருந்தாராம். எங்களை வலது கண்ணால் அடையாளம் கண்டுகொண்டார். எழுந்திருக்கப் பார்த்தார்.

"வாங்கக்கா. வாங்கண்ணே. உக்காருங்க. ஏனுங்கக்கா, கையில என்ன இவ்ளோ பெரிய கட்டு?"

"ஒண்ணுமில்ல தம்பி. கண்ணு?"

"இதுல வெளிச்சம் மட்டும் தெரியுதுங்க. லைட்டப் போட்டா தெரியும், நிறுத்துனா தெரியும். ஆளு தெரியாது. அவ்வளவுதான் வரும்னு சொல்லிட்டாங்க. பெரிய வண்டி இனி ஓட்ட முடியாதுங்க." நிறுத்திவிட்டு அவரே தொடர்ந்தார். "இந்த மட்டும் இருக்குதே. நீங்க அன்னைக்கு எண்ணெ ஊத்தலீன்னா ரெண்டு கண்ணும் போயிருக்கும். எங்க வீட்ல தெனம் உங்களச் சொல்லிச் சொல்லிக் கும்பிடுறா."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். டாக்டர்கள் சொல்லவில்லை என்று புரிந்தது. அவர்களுக்கு அங்கே நடந்தது முழுதாகத் தெரிந்திருக்காது. நாங்களும் சொல்லாமல் வந்திருக்கலாம். வாங்கிக்கொண்டு போன சாத்துக்குடியை மேசையில் வைத்துவிட்டு, நன்றியையும் வாங்கிக்கொண்டு பஸ் ஏறியிருக்கலாம்.

"இல்ல தம்பி" என்றார் மேஸ்திரி. கட்டுப் போட்ட கைகள் இரண்டையும் மடியில் வைத்திருந்தார். "எண்ணெ ஊத்துனதுதான் தப்பு. தண்ணிதான் ஊத்தியிருக்கணும். நீங்க கேட்டீங்க. நான்தான் ஊத்த விடல."

வார்டில் எங்கோ ஒரு ஸ்டீல் டம்ளர் விழுந்தது.

"உங்க கையப் பிடிச்சிருந்தது நான்" என்றேன். "போன்ல எண்ணெய்னு சொன்னதும் நான். கெமிக்கலான்னு கேட்டாங்க. இல்லைன்னு சொன்னேன்."

அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அழுவார் என்றும். இரண்டும் நடக்கவில்லை. நல்ல கண்ணால் எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்த இடத்தையும் அந்தச் சத்தத்தையும் திரும்ப நினைத்துப் பார்க்கிறார் என்று தோன்றியது.

"மோட்டார் ஓடிட்டு இருந்துச்சுங்களே" என்றார்.

"ஆமா."

"எவ்வளவு நேரமுங்க?"

எனக்குப் புரிந்தது. புரியாத மாதிரி, "எது?" என்றேன்.

"அது பட்டதுலிருந்து தண்ணிக்குத் தூக்கிட்டுப் போற வரைக்கும். எனக்கு ரொம்ப நேரமாட்டத் தெரிஞ்சுது. சும்மா, தெரிஞ்சுக்கலாம்னு கேக்குறேன். எப்படியும் ஒரு அஞ்சு நிமிஷம் இருக்குமுங்களா?"

ஐந்து என்று சொல்லியிருக்கலாம். அவர் அந்தப் பதிலை எனக்கு எடுத்தே கொடுத்தார். நோட்டு சட்டைப் பையில்தான் இருந்தது. எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை.

"இருபத்திரண்டு" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். மேஸ்திரி எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார். டிரைவர் மேசையிலிருந்து ஒரு சாத்துக்குடியை எடுக்கக் கையை நீட்டினார். கை அதற்கு ஒரு விரற்கடை இந்தப் பக்கமாக, வெறும் மேசையில் போய் இறங்கியது. மறுபடி நீட்டினார். நான் எடுத்துக் கொடுக்கவில்லை. இரண்டாம் முறை பிடித்துவிட்டார்.